வெளியுறவுச் செய்தியை முள்ளெடுத்துப் படிப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் ஞாயிறு காலை குரூப் தேர்வுக்குப் படிக்கிற பசங்க ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நான் வாத்தியார் எல்லாம் இல்லை. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை, பேப்பர் படிக்கிற பழக்கம் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால் நடப்பு நிகழ்வுகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டு மொத்தத்தை 50 ஆக்கிய நேரம், ஒரு பையன் கேட்டான்: “ண்ணா, சீனாக்காரனும் தானே ரஷ்யா கிட்ட வாங்குறான், நம்மள விட அதிகமாவே வாங்குறான், அவனுக்கு மட்டும் ஏன் அந்த வரி இல்ல?”

நான் வாய் திறப்பதற்குள் பெஞ்சில் இருந்து இரண்டு பதில் வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் தினமும் அங்கே பேப்பர் படிக்க வருவார். “ஏகாதிபத்தியம்னா அப்படித்தான் தம்பி” என்றார் அவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர், “எல்லாம் துட்டு தோழர், வேற ஒண்ணும் இல்ல” என்றார். இரண்டுமே தப்பில்லை. ஆனால் நேற்றைய செய்திக்கும் நாளைய செய்திக்கும் அதே பதிலைச் சொல்லலாம் என்றால் இன்றைய செய்தியைப் படித்து என்ன பிரயோஜனம்? அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வல்லரசு ஏதோ செய்கிறது, அது கொள்கைக்காகவா, தன் கணக்குக்காகவா என்று நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நோட்டில் ஒரு பக்கத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் அவர்கள் சொன்ன காரணம்: ஜனநாயகம், சுதந்திரம், மனித உரிமை, சோஷலிசம், இறையாண்மை, எது சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். வலது பக்கம் அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன கிடக்கிறது: எண்ணெய், துறைமுகம், ராணுவத் தளம், கனிமம், பக்கத்து வீட்டு எதிரி. இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் முழுக்கப் பொய், வலது பக்கம்தான் நிஜம் என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். அப்படி முடிவு கட்டுகிறவர்கள் தங்களை ரொம்ப விவரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பாதி சம்பவங்களில் ஏமாந்துபோகிறார்கள்.

ஏன் என்பதற்குக் காசிமேட்டிலிருந்து இரண்டு விஷயம். எனக்குத் தெரிந்த இரண்டு விசைப்படகு ஓனர்கள், ஆளுக்கு ஒரு கட்சி, படகில் பறக்கிற கொடியே வேறு, தேர்தல் நேரத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் ஐஸ் எடுப்பது ஒரே வண்டியில். ஆளுக்குப் பாதி வாடகை, வருஷக்கணக்காக. கேட்டால், “கொடி வேற, ஐஸ் ஒண்ணு” என்று சிரிப்பார்கள். சரி, கணக்குதான் எல்லாம் என்று தோன்றுகிறதா? அதே இரண்டு பேரில் ஒருவர் ராயப்பர் கோயில் என்கிற சர்ச்சின் பக்தர். 2023-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 7-ஆம் தேதி வந்தது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்க எட்டே நாள் பாக்கி. ஒவ்வொரு நாள் மீன்பாடும் பணம். மனிதர் வியாழக்கிழமை இரவே படகைக் கரையில் கட்டிவிட்டார். வஞ்சிரம் நல்ல விலை போன நேரம், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அந்த நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஐஸ் வண்டியை வைத்து மட்டும் அவரை எடை போட்டிருந்தால் இது புரியவே புரியாது.

நாடுகளும் ஏறக்குறைய இப்படித்தான். கொள்கைக்கு விலை கொடுத்த நாள் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இடத்தில் கொள்கை பேசுவது சுலபம், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

எப்படித் தேடுவது என்றால், முதலில் அண்ணன் தம்பி கேஸ் ஒன்று பிடியுங்கள். ஒரே குற்றம், இரண்டு குற்றவாளிகள், இரண்டு விதமான தண்டனை. எனக்குப் பிடித்த ஜோடி கியூபாவும் வியட்நாமும். இரண்டுமே கம்யூனிஸ்ட் கட்சி ஒன்று மட்டும் ஆளுகிற நாடுகள். வியட்நாமில் அமெரிக்கா தன் படையினர் 58,000 பேருக்கு மேல் பறிகொடுத்தது. கியூபாவில் அப்படியொரு போரே நடக்கவில்லை. கோபம் எங்கே அதிகம் இருக்க வேண்டும்? வியட்நாம் மீதுதானே. நடந்தது நேர்மாறு. வியட்நாம் மீதான வர்த்தகத் தடையை 1994-இல் எடுத்தார்கள், 1995-இல் தூதரக உறவு, 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஹனோய்க்கே போய் உறவை வியட்நாம் கொடுக்கிற மிக உயர்ந்த தகுதிக்கு ஏற்றிவிட்டு வந்தார். கியூபா மீது 1962-இல் போட்ட தடை இன்னும் இருக்கிறது. 1992 முதல் ஐநா பொதுச் சபை அந்தத் தடையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறது, அமெரிக்கா கேட்டபாடில்லை.

கம்யூனிசம்தான் பிரச்சினை என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நடத்தை கிடைத்திருக்க வேண்டும். ஆக இடது பக்கத்தில் எழுதிய காரணம் இங்கே வேலை செய்யவில்லை. வலது பக்கம் பாருங்கள்: வியட்நாமுக்கு வடக்கே சீனா, இரண்டு பேருக்கும் கடல் எல்லைத் தகராறு, அமெரிக்காவுக்குச் சீனாவின் வாசலில் ஒரு நண்பன் வேண்டும். இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கியூபா? அந்தச் சின்னத் தீவோடு அறுபது வருஷம் மல்லுக்கட்டி அமெரிக்காவுக்கு என்ன கிடைத்தது? சோவியத் யூனியன் 1991-லேயே போய்ச் சேர்ந்தது. கணக்கும் உதைக்கிறது.

இங்கேதான் நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று போட வேண்டும். நாங்கள் அதற்கு ‘வார்டு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்து ஓடிவந்தவர்கள் பெருமளவில் ஃபுளோரிடாவில் குடியேறினார்கள். அது அதிபர் தேர்தலில் பல முறை இழுபறியான மாநிலம், 2000-இல் சில நூறு வாக்குகளில்தான் முடிவே ஆனது. கியூபாவோடு கைகுலுக்கினால் அங்கே ஓட்டு போகும். 1996-இல் தடையைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள், ஒபாமா 2015-இல் தூதரகத்தைத் திறந்தும் தடையை அவரால் முழுசாக எடுக்க முடியவில்லை, அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். வடசென்னைக்காரனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு கால்வாய் ஏன் தூர்வாரப்படவில்லை என்பதற்கு ஊர் முழுக்க ஆயிரம் தத்துவம் பேசும், கடைசியில் அது எந்த வார்டு, யாருக்கு ஓட்டு என்று வந்து நிற்கும்.

பையன் கேட்ட கேள்விக்கும் இதே முறைதான். ஒரே குற்றம், ரஷ்ய எண்ணெய். இரண்டு குற்றவாளிகள், இந்தியாவும் சீனாவும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் கனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது அமெரிக்கக் கார் ஆலைகள் வரைக்கும் உதறல் எடுத்தது. சீனாவின் கையில் திருப்பி அடிக்க ஒரு கட்டை இருந்தது, நம் கையில் அந்த அளவுக்கு இல்லை. உக்ரைன் போரை நிறுத்தவே இந்த வரி என்ற வாசகத்தை இடது பக்கத்தில் எழுதிவிட்டு, யாரை அடித்தால் திருப்பி அடிக்க மாட்டான் என்பதை வலது பக்கத்தில் எழுதினான் அவன். சரியாகத்தான் எழுதினான்.

அப்புறம், உள்ளே யார் முணுமுணுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு நாடு ஒரே ஆள் இல்லை, வெளியே ஒரு குரல் கேட்டாலும் உள்ளே நாலு குரல் இருக்கும். 1971-இல் டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். பாகிஸ்தான் ராணுவம் கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்கதேசம்) நடத்திய கொலைகளைப் பார்த்துவிட்டு, நம் அரசு ஒழுக்க ரீதியாகத் திவாலாகிவிட்டது என்கிற தொனியில் ஏப்ரல் 6-ஆம் தேதி வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. அங்கிருந்த அமெரிக்க ஊழியர்கள் 20 பேர் கையெழுத்து. பலன்? பிளட்டை அங்கிருந்து தூக்கினார்கள். ஏன் என்பது ஜூலையில் தெரிந்தது. அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் வயிற்றுவலி என்று சாக்கு சொல்லிவிட்டு பாகிஸ்தானிலிருந்து ரகசியமாகப் பெய்ஜிங் பறந்தார். சீனாவுக்கான கதவை நிக்சனுக்குத் திறந்துவிட்டவர் பாகிஸ்தானின் ராணுவ அதிபர் யாஹ்யா கான், அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கியபோது அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் நம் வங்காள விரிகுடாவுக்கே கிளம்பி வந்தது. தோழருக்கு அப்போது பதினெட்டு வயது. “ஹார்பர் முழுக்க அதே பேச்சுப்பா, இங்க வந்துடுவானோன்னு” என்று இன்றைக்கும் சொல்வார். ஜனநாயகத்தின் காவலன் என்று சொல்லிக்கொண்ட நாடு, தேர்தல் நடத்தி, அதில் ஜெயித்தவர்களைக் கொன்ற ராணுவ ஆட்சியின் பக்கம் நின்றது, கூடவே மாவோவின் சீனா. இடது பத்தியை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் தலை சுற்றும்.

தோழருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அதனால் நியாயத்துக்கு அடுத்த கதையையும் சொன்னேன். 1959 ஜூலை 31-ஆம் தேதி கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசை டெல்லி கலைத்தது. அதே வருஷம்தான் சோவியத் உதவியோடு கட்டிய பிலாய் உருக்காலையில் உற்பத்தி தொடங்கியது. தேர்தலில் ஜெயித்த தோழர்களை வீட்டுக்கு அனுப்பிய நேருவோடு மாஸ்கோ சண்டைக்குப் போகவில்லை, இந்தியாவின் நட்பு அவர்களுக்கு அதைவிடப் பெரிது. 1979 பிப்ரவரியில் செஞ்சீனா செவ்வியட்நாமுக்குள் படையோடு நுழைந்ததையும் சேர்த்துச் சொன்னேன். தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அது வேற சூழ்நிலை” என்றார். எல்லா வல்லரசும் இதைத்தான் சொல்லும், அதனால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்தானால் பின்னிணைப்பைப் படியுங்கள். தலைப்புப் பக்கத்தில் கொள்கை இருக்கும், கணக்கு பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்திருக்கும். நமக்கு வலிக்கிற உதாரணமே இருக்கிறது. 1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வடக்கு கிழக்கு இணைப்பு, தமிழும் ஆட்சி மொழி என்பதெல்லாம் உண்டு. கூடவே இருவரும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைக் கூட்டாகச் சீரமைக்க வேண்டும், இலங்கையில் உள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. ஈழத் தமிழர் மேல் டெல்லிக்கு அக்கறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்கறை ஒப்பந்தத்தில் இருந்தது, திருகோணமலை கடிதத்தில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். பர்மாவிலிருந்து அகதியாக வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களுக்கும் இது தெரியும்: அங்கே ஜனநாயகத்துக்காகப் போராடிய ஆங் சான் சூ கீக்கு நேரு விருது அறிவித்த அதே டெல்லி, 2004-இல் பர்மிய ராணுவ ஆட்சித் தலைவரான ‘தான் ஷ்வே’வுக்குக் கம்பளம் விரித்தது. நடுவில் வடகிழக்கு எல்லையும் சீனாவும் வந்துவிட்டன.

இதுவரை படித்துவிட்டு “அப்போ எல்லாம் துட்டுதான்” என்று கிளம்பப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பெரிய வெள்ளிக்குப் படகு கட்டியவரை மறந்துவிட்டீர்கள்.

1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அடுத்த வருஷம் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் ஒரு கப்பற்படைப் பிரிவை நிறுத்தி, 1860 வரைக்கும் அடிமைக் கப்பல்களை மடக்கி, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை விடுவித்தது. அந்தப் பிரிவில் செத்த மாலுமிகள் சுமார் 1,600 பேர், பெரும்பாலும் காய்ச்சலில். நம்மை ஆண்ட அதே பிரிட்டன்தான், அவர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்க எனக்கு எந்த ஆசையும் இல்லை. நாம் விட்ட வியாபாரத்தைப் போட்டிக்காரன் செய்யக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் அரை நூற்றாண்டு பணமும் உயிரும் கொட்டியதை அந்தக் கணக்கு மட்டும் விளக்காது, உள்ளூரில் சர்ச் சர்ச்சாகக் கையெழுத்து வாங்கி அரசை நெருக்கியவர்களையும் சேர்க்க வேண்டும். 1986-இல் நிறவெறி ஆட்சிக்காகத் தென்னாப்பிரிக்கா மீது அமெரிக்கா போட்ட தடைச் சட்டமும் இதே ரகம். சோவியத்துக்கு எதிரான அரண், கனிம வளம் என்று அதிபர் ரீகன் அந்தச் சட்டத்தை நிராகரித்தார். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே பலர் அவரை எதிர்த்து வாக்களித்து அதை நிறைவேற்றினார்கள்.

கொள்கை இன்னொரு வழியிலும் வேலை செய்யும், இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். எது நம் லாபம் என்பதையே அது தீர்மானித்துவிடும். வியட்நாம் போரையே எடுங்கள். எண்ணெய் இல்லை, பெரிய சந்தை இல்லை, ஒரு நெல் விளையும் நாட்டுக்காக ஏன் அத்தனை உயிர்? ஒரு நாடு சிவப்பானால் பக்கத்து நாடுகளும் வரிசையாகச் சாயும் என்று வாஷிங்டனில் இருந்தவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அந்தப் போர் அவர்களுக்குக் ‘கணக்கு’ மாதிரியே தெரிந்தது. 1975-இல் சைகோன் விழுந்தது, லாவோசும் கம்போடியாவும் போயின, தாய்லாந்தும் மலேசியாவும் அப்படியே நின்றன. அதனால் வலது பத்தியில் எதையாவது எழுதும்போது, இது உண்மையிலேயே அங்கே கிடக்கிற பொருளா, அவர்கள் தலையில் இருக்கிற படமா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

பயிற்சிக்கு வாஷிங்டன் வரை போக வேண்டாம், மணலி போதும். அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான கம்பெனி 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் கூட்டாளிகள் மூன்று பேர்: இந்திய அரசு, ஆமோகோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி. அமெரிக்கனும் ஈரானியனும் ஒரே மேசையில், நம்ம மணலியில்! அப்போது ஈரானில் மன்னர் ஷாவின் ஆட்சி, 1953-இல் பிரதமர் மொசாதெக்கின் அரசைக் கவிழ்த்து ஷாவை உறுதியாக உட்காரவைத்ததில் அமெரிக்காவின் கை இருந்தது. 1979-இல் புரட்சி, இருவரும் ஜென்ம எதிரிகள். 80-களில் ஆமோகோ பங்கை விட்டுப் போனது. ஈரானின் பங்கு மட்டும் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் தங்கிவிட்டது. 2019 மே மாதம், ஈரான் மீதான தடையிலிருந்து அமெரிக்கா கொடுத்திருந்த சலுகை முடிந்ததும் ஈரானிடம் கச்சா வாங்குவதை இந்தியா நிறுத்தியது. ஆக, ஆலையில் பங்காளி, ஆனால் அவன் சரக்கு மட்டும் வாசலுக்கு வரக் கூடாது. இதில் எந்த வரி இடது பத்தி, எது வலது, எது வார்டு என்று பிரித்து எழுதிப் பாருங்கள். எங்கள் பசங்களில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதினார்கள், மூன்றுமே வாதாடக்கூடியதாகத்தான் இருந்தது.

எழுதியதற்குக் கீழே தேதி போட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஒரே ஒரு வரி யூகம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. என் நோட்டில் 2022 ஜூலை பக்கம் இப்படி இருக்கிறது. இடது: பத்திரிகையாளர் கஷோகி கொலைக்காகச் சவூதியை ஒதுக்கிவைப்பேன் என்று 2019-இல் பைடன் சொன்னது. வலது: உக்ரைன் போரால் ஏறிய எண்ணெய் விலை. வார்டு: நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல், பெட்ரோல் பங்கில் நிற்கிற வாக்காளர். பைடன் ஜெட்டாவுக்கே போய் இளவரசரோடு முஷ்டி முட்டினார். அதுவரை எல்லாம் சரி. அதன் கீழே நான் எழுதியது: “சவூதி உற்பத்தியைக் கூட்டிவிடும்.” அக்டோபரில் சவூதியும் ரஷ்யாவும் இருக்கிற ஒபெக் பிளஸ் என்கிற எண்ணெய் நாடுகளின் கூட்டணி, தினசரி உற்பத்தி இலக்கை 20 லட்சம் பீப்பாய் குறைத்தது. அந்தப் பக்கத்தைக் காட்டியபோது வரி கேள்வி கேட்ட பையன் சிரித்துவிட்டு, “ண்ணா, நீ ஒரு ஆளோட கணக்க மட்டும்தான் போட்டிருக்க, சவூதிக்காரன் கணக்கு எங்க?” என்றான். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறோம், எதிராளிக்கும் தனியாக மூன்று பத்தி.